பேணுதல் வேறு, பற்று வேறு

நம் இல்லங்களில் ஒரு பொருள் பழுதுபடும்போது நாம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே. "சரி செய்ய என்ன ஆகும்? புதிதாக வாங்கினால் என்ன ஆகும்?" என்று இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். கை இறுக்கமாயிருந்தால் குறைந்த தொகையைத் தேர்கிறோம். கையில் பொருள் புழங்கினால் அழகானதைத் தேர்கிறோம். அத்துடன் கணக்கு முடிகிறது, சிந்தனையும் முடிந்துவிடுகிறது. அறநூல்களைக் கற்றும் கேட்டும் வளர்ந்த இல்லறத்தார்க்கு இவ்வளவு சிந்தனை போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டுகளை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. பல ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று ஒரு வீட்டில் நிற்கிறது எனக் கொள்வோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது. சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. ஓட்டுபவர் அமரும் இருக்கையின் உறை மட்டும் விளிம்பில் கிழிந்து, உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தெரிகிறது. அதை என் செய்வது? வினா இவ்வளவே. ஆயினும் கொல்லாமை, பொருள் வரைதல், பயனற்ற தீங்கைத் தவிர்த்தல் ஆகிய மூன்று விரதங்களும் இந்தச் சிறு கிழிசலின் வழியாக நம்மை நோக்குகின்றன.

புறப்பற்றுகள் பத்து என்று நம் ஆசாரியர்கள் வகுத்த பட்டியல்களுள் ஒன்றில், நிலம், வீடு, தனம், தானியம் முதலியவற்றோடு ஊர்தியும் எண்ணப்படுகிறது. படுக்கை, இருக்கை என்பனவும் எண்ணப்படுகின்றன. காரின் இருக்கையோ ஊர்தியிலும் சேரும், இருக்கையிலும் சேரும். ஆகவே இது அறநூல் பேசாத அற்பப் பொருள் என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது.

இருக்கையின் உள்ளே

முதலில் பொருளை அறிதல் வேண்டும். அறியாத பொருளைப் பற்றி அறம் பேசுவது காற்றில் வரைந்த கோலமாகிவிடும்.

1950களின் இறுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் கார்கள் உருவாயின. நம் நாட்டில் ஒரு தலைமுறையினர் கார் என்றாலே அறிந்தது அதைத்தான். அக்காலத்து வண்டிகளின் இருக்கையைப் பிரித்துப் பார்த்தால், இரும்புச் சட்டத்தின்மேல் சுருள் வில்கள் நிற்கும். வில்லின் முனை மேலே குத்தாதிருக்கக் கோணி விரித்திருக்கும். அதன்மேல் தேங்காய் நார். அதற்கும் மேல் பஞ்சு அல்லது ஃபோம். எல்லாவற்றையும் மூடி ரெக்சின் உறை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற பின்வந்த வண்டிகளில் வில்லும் நாரும் மறைந்து, கம்பிச் சட்டத்தின்மேல் அச்சில் வார்த்த ஃபோம் இடம் பெற்றது. உறையோ துணியாகவோ ரெக்சினாகவோ இருக்கும். விலை உயர்ந்த வண்டிகளில் தோல் வந்தது.

இருக்கை முழுவதும் ஒருங்கே கெடுவதில்லை என்பதை இங்கு நன்கு குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் உடல் உராய்வது வலப்பக்க விளிம்பில். அவ்விடமே முதலில் தேய்கிறது, பின்னர் தையல் விடுகிறது, பின்னர் கிழிகிறது. பின்னிருக்கை பல வீடுகளில் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. ரெக்சினை வளையச் செய்வதற்காக அதனுள் கலந்திருக்கும் இளக்குப் பொருள் வெப்பத்தால் நாளடைவில் கசிந்து வெளியேறுகிறது. பிறகு ரெக்சின் விறைத்து, வறண்ட ஏரி நிலம்போல் வெடிக்கிறது.

ஆக, கெட்டது ஒரு சாண் விளிம்பு. கடைக்காரர் மாற்றச் சொல்வதோ நான்கு இருக்கைகளுக்கும் உறை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம் வினா இருக்கிறது.

இரு ஐயங்கள்

"கிழிந்ததைத் தைத்து உட்காருவது கஞ்சத்தனம் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். "பழைய பொருளை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் பற்றுத்தானே? பற்றை விடச் சொல்லும் நெறியில் நின்று பழையதைப் பேணச் சொல்வது முரண் அல்லவா?" என்று மற்றொருவர் கேட்கலாம். இரண்டும் நேர்மையான ஐயங்கள். இரண்டுக்கும் விடை கூற வேண்டும்.

கஞ்சன் காப்பது பணத்தை; பொருளை அன்று. அவன் இருக்கை கிழிந்தால் கிழிந்தபடியே கிடக்கும். வில் வெளியே வந்து குத்தினாலும், குத்துவது விருந்தினரையாயின் அவனுக்குக் கவலையில்லை. ஒரு ரூபாய் ஊசி நூலும் அவனுக்குச் செலவாகவே தோன்றும். பேணுபவர் செலவழிக்கிறார், பணம் சிறிதும், நேரம் மிகுதியுமாகச் செலவழிக்கிறார். அமர்பவரின் உடல் நோகாதிருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். செயலைப் பார்த்தால் இருவரும் புதிது வாங்காதவரே. உள்ளத்தைப் பார்த்தால் இருவரும் எதிர்த்திசையில் நிற்பவர்.

இரண்டாம் ஐயம் இதனினும் ஆழமானது. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளின் எண்ணிக்கையை அளவாகக் கொள்ளவில்லை. பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தையே இலக்கணமாகக் கொண்டார். ஆகவே பழைய பொருளை வைத்திருப்பதும் பற்றாகலாம். அதை வீசிவிட்டுப் புதியதை விரும்புவதும் பற்றாகலாம். கைகள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது.

அப்படியாயின் பேணுதலையும் பற்றையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். எளிய ஒன்றைக் கூறலாம். நள்ளிரவில், கொட்டும் மழையில், அண்டை வீட்டு முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்கிறது. அவர் உடை முழுவதும் நனைந்திருக்கிறது, காலில் சேறு. அவரை அந்த இருக்கையில் அமர்த்தும்போது நம் மனம் ஒரு கணமேனும் இருக்கையை எண்ணித் தயங்குமாயின், அந்த இருக்கையை நாம் உடைமையாகக் கொள்ளவில்லை. அதுவே நம்மை உடைமையாகக் கொண்டுவிட்டது. தயக்கமின்றி அமர்த்திவிட்டு, மறுநாள் காலையில் துடைத்து உலர்த்துபவர் பேணுபவர். துடைக்காமல் பூஞ்சணம் பிடிக்க விடுபவர் பற்றற்றவர் அல்லர், சோம்பியவர். இம்மூவரையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

பயனற்ற தீங்கு

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. தேவையின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், நெருப்பை மூட்டுதல், செடி கொடிகளைப் பறித்தல் போன்ற கவனமற்ற செயல்களைத் தவிர்த்தல் அதில் அடங்கும். இல்வாழ்க்கையில் தீங்கு அறவே இன்றி வாழ இயலாது என்பதை நம் நெறி ஒப்புக்கொள்கிறது. அடுப்பு மூட்டாமல் உணவில்லை, ஏரோட்டாமல் விளைவில்லை. ஆனால் எந்தத் தேவைக்கும் பயன்படாத தீங்கை அது மன்னிப்பதில்லை.

இன்னும் உழைக்கும் பொருளைத் தூக்கி எறிவது இவ்வகைத் தீங்கே ஆகும். எறியப்படும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக எங்கோ ஒரு புதிய பொருள் செய்யப்படுகிறது. அதற்கு நீர் வேண்டும், நெருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும். பழையதைப் புதைக்க நிலம் வேண்டும். நிலம், நீர், நெருப்பு, காற்று, தாவரம் என்னும் ஓரறிவுயிர்கள் ஐந்தும் நம் ஒரு சாண் கிழிசலுக்காகத் துன்புறுகின்றன. அத்துன்பத்தை நாம் காண்பதில்லை. காணாமையால் அது இல்லாமற் போய்விடாது.

கீழ்ப்படியிலிருந்து தொடங்குக

எனவே செப்பனிடுவோம் எனத் துணிந்தபின், எந்த அளவுக்கு என்னும் வினா எழுகிறது. வணிகர் மேலிருந்து தொடங்குவார்: முழு உறை, புதிய ஃபோம், புதிய வண்ணம். அறத்தை நாடுபவர் கீழிருந்து தொடங்க வேண்டும். மிகச் சிறிய செயல் எதுவோ அதை முதலில் எண்ணி, அது போதாதபோதே அடுத்த படிக்கு ஏற வேண்டும்.

முதற்படி, ஒன்றும் தைக்காமல் மூடுவது. அரசு அதிகாரிகளின் அம்பாசடர் வண்டிகளில் வெள்ளைத் துண்டு விரித்திருந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். வியர்வையை உறிஞ்சும், வெயிலைத் தடுக்கும், வாரந்தோறும் துவைக்கலாம். கெட்டிப் பருத்தித் துணியில் நாடா வைத்துத் தைத்த எளிய உறை பல ஆண்டுகளுக்குப் போதும். வெடிப்பு மேற்பரப்பில் மட்டும் இருந்தால் இதற்குமேல் எதுவும் வேண்டுவதில்லை.

இரண்டாம் படி, கிழிசலை அவ்விடத்திலேயே ஒட்டுவது. கிழிந்த வாயை மெல்ல விரித்து, அதனினும் இரண்டு விரற்கடை அகலமான கெட்டித் துணித் துண்டை உள்ளே செலுத்தி, உறையின் அடிப்பக்கத்தில் பசையால் பற்ற வைக்க வேண்டும். பிறகு வாயின் இரு ஓரங்களையும் சேர்த்து அழுத்தலாம். அல்லது வளைந்த ஊசியால் இருபுறமும் மாறி மாறிக் கோத்து இழுக்கலாம். பசையைப் பற்றி ஒரு சொல். முற்காலத்தில் தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. இக்காலத்து ரப்பர் பசைகளும் வெள்ளைப் பசைகளும் செயற்கைப் பொருள்களாகக் கிடைக்கையில் அதை நாட வேண்டிய தேவை இல்லை. ரப்பர் பசையை இருபுறமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின் சேர்க்க வேண்டும். அதன் நெடி தலையைச் சுற்றச் செய்யும். ஆகவே கதவுகளைத் திறந்து வைத்தே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

மூன்றாம் படி, கெட்ட பகுதியை மட்டும் மாற்றுவது. பெரும்பாலான வண்டிகளில் முன்னிருக்கை தரையோடு நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி இருக்கையை வெளியே எடுத்துக் கவிழ்த்தால், உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு கம்பி வளையங்களோ கொக்கிகளோ தெரியும். அவற்றை விடுவித்து உறையைக் கழற்றிவிடலாம். கழற்றுமுன் எந்தப் பகுதி எதனோடு சேர்கிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். கிழிந்த பகுதியின் தையலைப் பொறுமையாகப் பிரித்தால், அந்தக் கிழிந்த துண்டே புதியதற்கு மாதிரி ஆகிவிடும். அதை ரெக்சினின் பின்புறத்தில் வைத்து வரைந்து, அரை அங்குலம் தையல் ஓரம் விட்டு வெட்ட வேண்டும். கடைகளில் ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் கிடைக்கிறது. ஒரு விளிம்புக்கு ஒரு மீட்டரே மிகுதி.

வீட்டிலுள்ள பழைய தையல் மிஷின் இதற்குப் போதும். 16 அல்லது 18 எண் ஊசியும் நைலான் அல்லது பாலியஸ்டர் நூலும் வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுவிடும். தையலைச் சற்று நீளமாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலைத் தாள்போல் ரெக்சின் அவ்வரிசையிலேயே கிழிந்துவிடும். தடித்த இடங்களில் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பது ஊசிக்கும் நல்லது, தைப்பவருக்கும் நல்லது.

உறையைக் கழற்றிய நிலையில் ஃபோமையும் சோதித்துவிட வேண்டும். அழுத்தி விட்டால் எழுகிறதென்றால் அதற்கு இன்னும் உயிர்ப்பு இருக்கிறது. பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டை ஒட்டிச் சீவிவிடலாம். விரலிடையே மாவாக உதிருமாயின், உதிர்வதை முழுவதும் நீக்கியபின்பே புதியதை ஒட்ட வேண்டும். காரின் கூரைத்துணி தொங்கும்போதும் இதே கதைதான். துணிக்குப் பின்னுள்ள மெல்லிய ஃபோம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பொடிந்துபோனதே காரணம். அந்தப் பொடியின்மேல் எவ்வளவு பசை தடவினாலும் ஒரு வாரம் தாங்காது. பலகை தெரியும்வரை சுரண்டினால்தான் நிற்கும். இது உறைக்கு மட்டும் பொருந்தும் உண்மை அன்று என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

தைத்த உறையைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும். இளகிய நிலையில் இழுத்துப் பொருத்தினால், ஆறியபின் சுருக்கமின்றி இறுகும். இறுதியாகப் போல்ட்டுகளை முழு இறுக்கத்தோடு முடுக்க வேண்டும். இங்கு மறவாமற் கூற வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பிற்கால வண்டிகள் சிலவற்றில் இருக்கையின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் அமைந்திருக்கும். அங்கு அதற்கான எழுத்து பொறித்த சிறு துணி அடையாளம் காணப்படும். அத்தகைய இருக்கையின் பக்க உறையை வீட்டில் பிரிக்கவோ, அதன்மேல் வேறு உறையை இறுக்கமாக மாட்டவோ கூடாது. விபத்தின்போது அது வெடித்து விரிய வேண்டிய தையலை நாம் அடைத்தவர்களாவோம். உயிரைக் காக்க வைத்ததைச் சிக்கனத்தின் பெயரால் கெடுப்பது சிக்கனமும் அன்று, அகிம்சையும் அன்று.

நான்காம் படி, இருக்கையையே மாற்ற வேண்டிய நிலை. சட்டம் துருப்பிடித்து முறிந்திருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில், பிரித்த வண்டிகளிலிருந்து எடுத்த இருக்கைகள் கிடைக்கின்றன. புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்வதற்கு முன், செய்து முடித்துக் கிடக்கும் ஒன்றைத் தேடுவது நம் விரதத்துக்கு இசைந்தது.

தோல் உறை: ஒரு தருமசங்கடம்

இனி, நம் இல்லங்களில் உண்மையாகவே வாதத்துக்கு உள்ளாகும் ஒரு பகுதிக்கு வருவோம். பிறர் பயன்படுத்திய கார் ஒன்றை வாங்குகிறோம். அதன் இருக்கைகள் தோலால் ஆனவை. ஓரிடத்தில் கிழிந்தும் இருக்கின்றன. சிராவகர் வீட்டில் இதை என்ன செய்வது?

புதிய தோலால் ஒட்டுப் போடுவதைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று வினை வரும் வழிகள் மூன்று. விலை கொடுத்துத் தோல் வாங்குபவர் கத்தியைத் தொடவில்லை. ஆயினும் உடன்பட்டவர் ஆகிறார். அன்றியும், தோல் பதனிடும் தொழில் நீர்நிலைக்குச் செய்யும் தீங்கைப் பாலாற்றங்கரையினர் எவரும் சொல்லக் கேட்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளுள் ஒன்றாகும். தோலின் தீங்கு விலங்கோடு முடிவதில்லை. கிணற்று நீர்வரை வருகிறது.

ஆனால் ஏற்கெனவே இருக்கும் தோல்? "கிழித்தெறிந்துவிட்டு ரெக்சின் போடுங்கள், தோலின்மேல் எப்படி அமர்வது?" என்பார் பெரியவர். தோற்பையில் வைத்த நீரையும் நெய்யையும் விலக்கிய மரபில் வந்தவர் அவர். அவருடைய அருவருப்பு வெறும் பழக்கம் அன்று, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஒரு மென்மை. அதை ஏளனம் செய்யலாகாது. "எறிந்துவிட்டால் அந்த விலங்கு உயிர் பெறுமா? எறிவதும் வீண், புதிது செய்வதும் தீங்கு" என்பார் இளையவர். அவர் கூற்றும் தள்ளத்தக்கதன்று.

இங்கு நமக்கு வழிகாட்டுவது நம் முனிவர்களின் கையிலுள்ள மயிற்பீலி. அது பறவையின் உடலிலிருந்து வந்ததே. ஆயினும் மயில் தானே உதிர்த்த இறகாதலால் அது தூய்மையின் கருவியாயிற்று. இதனால் நாம் அறிவது, பொருள் எதிலிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் எவ்வாறு வந்தது என்பதே அறத்தின் வினா என்பது. கொன்று பெற்ற தோல் அச்சோதனையில் தோற்றுவிடுகிறது. அதனால் அதை ஒருபோதும் தேடிப் பெறலாகாது. ஆனால் தேடாமல் வந்து சேர்ந்த பின்னர், நாம் கேட்க வேண்டிய வினா மாறுகிறது. "இது என்னைத் தீட்டுப்படுத்துமா?" என்பது தன்னைச் சுற்றிச் சுழலும் வினா. "என் அடுத்த செயலால் எந்த உயிருக்குப் புதிய துன்பம் விளையும்?" என்பதே பிற உயிர்களை நோக்கிய வினா.

இவ்வினாவை எழுப்பினால் வழி தெளிவாகிறது. கிழிந்த இடத்தைத் துணியாலோ எஞ்சிய ரெக்சின் துண்டாலோ ஒட்டி, மேலே பருத்தி உறை ஒன்றை விரித்துவிடலாம். எறியவும் இல்லை, புதிய தோலை நாடவும் இல்லை. பெரியவரின் மனமும் நோகவில்லை. வாய்ப்பிருந்தால், வண்டியை வாங்குமுன்பே துணி இருக்கை உள்ள வண்டியைத் தேர்வது இவை எல்லாவற்றினும் நன்று.

ரெக்சின் குற்றமற்றதா?

தோலை விலக்கியதும் நம் கடமை முடிந்தது என்று மகிழ்பவர் உண்டு. இம்மகிழ்ச்சி சற்று அவசரமானது. ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் செயற்கைத் தோலுக்கு இட்ட ஒரு வணிகப் பெயர். அன்று அது துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி ஆக்கப்பட்டது. இன்று நாம் அப்பெயரால் வாங்குவது பெரும்பாலும் துணிமேல் பிவிசி பூசியது. பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைக்கும் எத்திலீனும், உப்பிலிருந்து பிரித்த குளோரினும் சேர்ந்தே அது உருவாகிறது. மண்ணில் மக்குவதில்லை. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் காரமான வாயுவும், டயாக்சின் எனப்படும் கொடிய நச்சுகளும் எழுகின்றன.

போகிப் பண்டிகையின் விடியற்காலையில் பழைய பாயோடும் துணியோடும் ரெக்சினையும் டயரையும் தீயில் இடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்குபவை கூட்டிலிருக்கும் பறவைகளும் தொட்டிலிலிருக்கும் குழந்தைகளுமே. கிழிந்த உறையைக் கழற்றும் சிராவகர் அதை எக்காரணத்தாலும் நெருப்பில் இடலாகாது. நல்ல பகுதிகளை வெட்டி வைத்தால் அடுத்த ஒட்டுக்கு ஆகும். ஸ்பேனர் பைக்கு ஆகும். எஞ்சியதைக் குப்பை சேகரிப்பவரிடம் தனியே ஒப்படைக்க வேண்டும்.

ரெக்சின் தோலினும் நன்று, ஆனால் குற்றமற்றதன்று. ஆகவேதான் முழு உறையாக வாங்காமல் ஒரு மீட்டரோடு நிறுத்த வேண்டும் என்கிறோம். தீங்கு குறைந்த பொருளையும் குறைந்த அளவே கொள்வதுதான் போகோபபோக பரிமாணத்தின் நோக்கம். மீண்டும் மீண்டும் பயன்படும் உபபோகப் பொருளுக்கும் எல்லை வகுக்கச் சொன்னவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

உழைப்பவர் பிழைப்பு

"எல்லோரும் வீட்டிலேயே தைத்துக்கொண்டால் குஷன் கடைக்காரர் எப்படிப் பிழைப்பார்?" என்று ஒரு நல்லுள்ளம் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய வினாவே. ஆனால் அவர் பிழைப்பைக் கெடுப்பது ஊசியெடுத்த இல்லறத்தார் அல்லர். செப்பனிடுவதையே கைவிட்டுப் புதிது வாங்கும் பழக்கமும், அச்சில் அடித்து வந்திறங்கும் ஆயத்த உறைகளுமே ஆகும். ஒரு விளிம்பைத் தானே தைத்துப் பார்த்தவர் அந்தக் கைவினையின் அருமையை உணர்கிறார். விரல்கள் மரத்துப்போகும் வேலை அது. வளைவில் சுருக்கமின்றித் தைப்பது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. தன்னால் இயலாத பெரிய வேலைக்கு அவரிடம் செல்லும்போது, அத்தகையவர் கூலியில் பேரம் பேசமாட்டார். "இது மட்டும் மாற்றுங்கள், மற்றவை இருக்கட்டும்" என்று தெளிவாகச் சொல்லவும் அவருக்குத் தெரியும்.

போதும் என்னும் எல்லை

செப்பனிடுதலிலும் ஒரு கண்ணி உண்டு. விளிம்பு புதிதானதும் அதன் அருகிலுள்ள பழைய பகுதி மங்கலாகத் தெரியும். அதையும் மாற்றினால் பின்னிருக்கை பொருந்தாது. பிறகு கதவின் உட்புறம், பிறகு ஸ்டீயரிங் உறை. ஒரு கிழிசலைத் தைக்கப் புகுந்தவர் வண்டி முழுவதையும் புதுக்கி முடிப்பார். கையில் ஊசி இருக்கிறது என்பதனால் அது அறமாகிவிடாது. விலை குறைந்தது என்பதனாலும் ஆகிவிடாது. மயக்கம் கடை வாசலில் மட்டும் காத்திருப்பதில்லை. தையல் மிஷினின் அருகிலும் வந்து அமரும்.

எனவே தொடங்குமுன்பே முடிவை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இருக்கை எதற்கு? அமர்வதற்கு. அமர்பவர் உடல் நோகாமல், பாதுகாப்போடு அமர முடியுமாயின் வேலை முடிந்தது. ஒட்டு வெளியே தெரிகிறதா? தெரியட்டும். நிறம் சற்று மாறுபடுகிறதா? மாறுபடட்டும். பார்ப்பவர் என்ன நினைப்பார் என்னும் எண்ணம் எழுமாயின், அந்த எண்ணமே அடுத்துச் செப்பனிட வேண்டியது.

எவ்வளவு பேணினாலும் ஒரு நாள் அந்த இருக்கை முடியும். சட்டம் முறியும்; ஃபோம் பொடியும்; தையல் எதையும் பற்றி நிற்காது. அன்று இரும்பைக் காயலான் கடைக்கும், நாரைத் தோட்டத்துக்கும், துணியைத் துடைப்பதற்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மனக்குறையின்றி விலகலாம். கடைசிவரை உழைக்க விட்டவருக்கு அப்பொருளிடம் பாக்கி எதுவும் இல்லை. பாதியில் எறிந்தவரும் விடுவதில்லை, இறுகப் பிடித்துக்கொண்டவரும் விடுவதில்லை. முன்னவர் மனம் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது, பின்னவர் மனம் பழைய பொருளிலேயே சிக்கிக்கிடக்கிறது. முறையாகப் பேணியவர் ஒருவரே முறையாக விடவும் அறிவார்.